போவாஸின் கடிதமும் மானிடவியல் ஆய்வின் அறமும்

1919ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆந் திகதி, ஹாவாட் பல்கலைக்கழகத்தின் பீபொடி நூதனசாலையிலே கூடிய அமெரிக்க மானிடவியற் கழகத்தின் ஆட்சிக்குழு, பிரான்ஸ் போவாஸ் என்பாரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரித்தோர் 20 பேர். எதிர்த்தோர் 10 பேர். கண்டிக்கப்பட்டவர் சாதாரண உறுப்பினரல்லர். கழகத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவர். அதன் முன்னாட் தலைவர். கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராகவிருந்து ஒரு தலைமுறை மானிடவியலாளரை உருவாக்கியவர். அத்தகையவரை அவரது துறையினரே ஆட்சிக்குழுவிலிருந்து நீக்குமளவிற்கு அவர் செய்ததுதான் யாது? பத்து நாள்களுக்கு முன்னர் ‘நேஷன்’ என்னும் வார இதழில் அவர் எழுதிய ஒரு கடிதம் வெளிவந்திருந்தது. அவ்வளவே.

‘உளவாளிகளாக விஞ்ஞானிகள்’ என்னும் தலைப்பிலமைந்த அக்கடிதத்திலே, முதலாம் உலகப் போர்க்காலத்தில் நான்கு மானிடவியலாளர் தம் ஆய்வுப் பணியைப் போர்வையாகக் கொண்டு மத்திய அமெரிக்காவில் உளவு வேலை செய்தனர் எனப் போவாஸ் குற்றஞ்சாட்டினார். எவரது பெயரையும் அவர் குறிப்பிடவில்லை. போர்வீரனும் இராசதந்திரியும் அரசியல்வாதியும் வணிகனும் பொய்யுரைப்பதைத் தொழிலின் பகுதியாக உலகம் மன்னித்துவிடலாம். உண்மையைத் தேடுவதையே வாழ்வாகக் கொண்ட விஞ்ஞானி அதனைச் செய்வானாயின் தன் தொழிலையே விலைபேசியவனாவான் என்பது அவரது வாதத்தின் சாரம். இனி வெளிநாட்டு ஆய்வாளர் எவரையும் எந்த நாடும் நம்பாது எனவும் அவர் எச்சரித்தார்.

அந்நால்வரும் யாவர் என்பதை நெடுங்காலத்தின் பின்னர் வரலாற்றாசிரியர் அடையாளங் கண்டனர். மாயா நாகரிக ஆய்விற் புகழ்பெற்ற சில்வேனஸ் மோர்லி, சாமுவெல் லோத்ரொப், ஹேபேட் ஸ்பிண்டன், ஜோன் மேசன் என்போரே அவர்கள். தொல்பொருளாய்வு என்ற பெயரிலே கரையோரமெங்குந் திரிந்த மோர்லி, உண்மையில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் தளங்களைத் தேடி ஐக்கிய அமெரிக்கக் கடற்படைப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கைகள் அனுப்பிக்கொண்டிருந்தார். இவ்விடயத்தை விரிவாக ஆராய்ந்த டேவிட் பிறைஸ் காட்டும் ஒரு செய்தி கவனத்துக்குரியது. குற்றஞ்சாட்டப்பட்டோருள் மூவர் அன்றைய கூட்டத்தில் இருந்து, போவாஸுக்கு எதிராகத் தாமே வாக்களித்தனர். நான்காமவராகிய மேசன் அவ்வாறு செய்யவில்லை. நாட்டுப்பற்றே தம்மை அவ்வேலைக்கு இட்டுச்சென்றதெனப் பின்னர் போவாஸுக்கு வருத்தந் தோய எழுதினார்.

குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதைக் கழகம் விசாரிக்க முற்படவில்லை. போவாஸ் யூதக் குடும்பமொன்றில் ஜெர்மனியிலே பிறந்து குடியேறியவர். அமெரிக்கா போரில் இறங்கியதைப் பகிரங்கமாக எதிர்த்தவர். வொஷிங்ரனையும் ஹாவாட்டையுஞ் சார்ந்த அறிஞர்க்கும் அவரது மாணவர் பரம்பரைக்குமிடையே நிலவிய போட்டியும் பழையது. கண்டனத்திற்கு வேண்டிய விறகு முன்னரே அடுக்கப்பட்டிருந்தது. கடிதம் அதற்குத் தீயிட்டது எனலாம்.

இக்கதையை இவ்வளவோடு நிறுத்துவோர் பலர். நேர்மையாளர் ஒருவர் பெரும்பான்மையினராற் பழிக்கப்பட்டார் என்ற வடிவிலே அது மனநிறைவு தருவது. ஆயின் அதே போவாஸின் வாழ்விலே இருபதாண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த மற்றொன்றை இதனோடு வைத்து நோக்கும்போதுதான், கள ஆய்வின் அறம் பற்றிய வினா எத்துணைச் சிக்கலானது என்பது புலனாகும்.

1897இல் துருவப் பயணியாகிய றொபேட் பியரி, வடமேற்குக் கிறீன்லாந்திலிருந்து ஆறு இனூயிற் மக்களைத் தம் கப்பலில் நியூ யோர்க்கிற்குக் கொண்டுவந்தார். அதே கப்பலில் அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக இரும்பு பெற்றுவந்த பெரிய விண்கல்லும் வந்தது. அப்போது அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையிற் பணியாற்றிய போவாஸ், ஆய்வின்பொருட்டு இனூயிற் ஒருவரை அழைத்துவருமாறு பியரியிடங் கேட்டிருந்தார். வந்தோர் அறுவரும் நூதனசாலைக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்திலே தங்கவைக்கப்பட்டனர். அவர்தம் உடல்கள் அந்நகரத்து நோய்களை அறியாதவை. மாதங்கள் சில செல்லுமுன் நால்வர் காசநோயால் மாண்டனர். ஒருவர் ஊர் திரும்பினார். எஞ்சியவன் மினிக் என்னுஞ் சிறுவன், வயது ஏழளவிலிருக்கும்.

மாண்டோருள் முதல்வர் மினிக்கின் தந்தை கிசுக். தந்தைக்குரிய இறுதிக் கடன்களை மைந்தன் காண விரும்பினான். நூதனசாலையார் பிணத்தின் நீளமுள்ள மரத்துண்டொன்றைத் துணியாற் சுற்றி, நூதனசாலைத் தோட்டத்தில் வைத்து, இனூயிற் மரபுப்படி அதன்மீது கற்களை அடுக்கினர். மினிக் அதன் முன் நின்று சடங்குகளைச் செய்தான். கிசுக்கின் உடலோ கூறுபடுத்தப்பட்டு, எலும்புக்கூடு நூதனசாலையின் சேகரிப்பிலே சேர்ந்தது. ஆண்டுகள் பல கழித்தே மகன் அதனை அறிந்தான். எலும்புகளைத் தருமாறு அவன் கேட்டதும் பயனளிக்கவில்லை. அப்போலிச் சடங்கு சிறுவனைத் தேற்றுவதற்காகவே நடத்தப்பட்டது, அதிற் கண்டிக்கத்தக்கது ஏதுமில்லை என்பதே 1909இல் வினவப்பட்டபோது போவாஸ் அளித்த விடையின் கருத்து. இதற்கிடையில், அவரது மாணவராகிய அல்பிரட் குறோபர் இவ்வறுவரிடமும் திரட்டிய செய்திகளைக் கொண்டு சிமித் சவுண்ட் எஸ்கிமோவரைப் பற்றிய ஆய்வுரையொன்றை வெளியிட்டிருந்தார்.

மினிக் 1909இற் கிறீன்லாந்து சென்று, தாய்மொழியைத் திரும்பக் கற்று, அங்கும் நிலைகொள்ளாது 1916இல் மீண்டும் அமெரிக்கா வந்தான். 1918 ஒக்ரோபரில், உலகெங்கும் பரவிய சளிச்சுரத்துக்கு இரையாகி, நியூ ஹாம்ப்சயரில் மரவேலைத் தொழிலாளரிடையே இறந்தான். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1919 ஒக்ரோபரிலே, போவாஸ் தமது கடிதத்தை எழுதினார். நால்வரின் எலும்புகளும் 1993இலேதான் கிறீன்லாந்தின் கானாக்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டன.

இதனைக் காட்டிப் போவாஸைப் போலியர் என ஒதுக்குவது எளிது. அது பயனற்ற எளிமையுங்கூட. இனவாதக் கொள்கைகளை அறிவியல் அடிப்படையில் அவர் போல் இடையறாது எதிர்த்தோர் அக்காலத்திற் சிலரே. உற்றுநோக்க வேண்டியது, கடிதத்தின் அறம் எவர்பாற் சென்றது என்பதையே. போவாஸ் அங்கு காக்க முற்பட்டது விஞ்ஞானத்தின் நம்பகத்தன்மையை. விஞ்ஞானிகளின் நாடுகடந்த தோழமையை. உளவாளிகளுக்கு அறியாது இடங்கொடுத்த மத்திய அமெரிக்கக் கிராமத்தவர் அவ்வாதத்தின் மையத்தில் இல்லை. விஞ்ஞானத்தின் பெயராற் சொல்லப்பட்ட பொய் தோட்டத்துக் கற்குவியலின் கீழ்க் கிடந்தபோது அதனைப் பொய்யென அவர் உணராமைக்கும் காரணம் இதுவே. அரசுக்காகச் சொல்லும் பொய்யை அவர் கண்டார். ஆய்வுக்காகச் சொல்லும் பொய்யைக் காணவில்லை.

போவாஸ் 1942இல் மறைந்தார். அதற்குள் அடுத்த போர் மூண்டுவிட்டது. பாசிசத்துக்கு எதிரான போராதலின், அவரது பரம்பரையினருட் பலரே தயக்கமின்றி அரச பணிக்குச் சென்றனர். அக்கதையில் இலங்கைக்கும் இடமுண்டு. தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் பேராதனையில் அமைந்திருந்த நாள்களிலே, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பின் ஆய்வுப் பிரிவுக்குக் கண்டியிலிருந்து தலைமை தாங்கியவர் கோரா டு பொய்ஸ் என்னும் மானிடவியலாளர். கிரெகரி பேற்சனும் அவ்வமைப்பின்கீழ் இலங்கையிலும் பர்மாவிலும் பணியாற்றினார்.

நிலைமையை மாற்றியது வியற்நாம் போர். 1965இல், கிளர்ச்சிகளை முன்னறிந்து அடக்கும் வழிகாண அமெரிக்க இராணுவம் வகுத்த ‘கெமலொற்’ என்னும் ஆய்வுத்திட்டம் சிலி நாட்டிலே அம்பலமாகிக் கைவிடப்பட்டது. 1970இல், தாய்லாந்திலே கிளர்ச்சி ஒடுக்கும் பணிக்குச் சமூக விஞ்ஞானிகள் உதவுகின்றனர் எனக் காட்டும் ஆவணங்களை மாணவர் அமைப்பொன்று வெளியிட்டது. கழகத்தின் ஒழுக்கக் குழுத் தலைவராகிய எரிக் வுல்ஃபும் ஜோசப் ஜோர்கன்சனும் அவற்றைப் பகிரங்கமாக விமரிசித்தபோது, கழகம் மீண்டும் முறைப்பாடு செய்தோரையே குறைகூறும் போக்கிற் சென்றது. மாகிரட் மீட் தலைமையிலான விசாரணைக் குழு ஆய்வாளர்களைக் குற்றமற்றோர் எனக் கண்டது. 1971 நவம்பரில் உறுப்பினர் கூட்டம் அவ்வறிக்கையை ஏற்க மறுத்தது. 1919இன் அவையல்ல அது. இளையோர் நிறைந்த அவை.

அவ்வாண்டிலேயே கழகம் ஏற்ற ஒழுக்க விதிகள், ஆய்வாளரின் தலையாய பொறுப்பு ஆராயப்படும் மக்களுக்கே உரியது எனவும், இரகசிய ஆய்வு கூடாது எனவும் வரையறுத்தன. போவாஸின் கடிதத்தில் இல்லாத மையம் இங்கு வந்துவிட்டது. ஆயினும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தொழில் புரியும் மானிடவியலாளர் தொகை பெருக, தொழில் வழங்குவோரின் நலன் குறுக்கிட்டது. 1990இன் திருத்தம் இரகசிய ஆய்வு மீதான அந்நேரடித் தடையை நீக்கியது.

2005இல் கழக உறுப்பினர் வாக்களித்து, போவாஸ் மீதான கண்டனத்தை நீக்கினர். இரண்டே ஆண்டுகளில் அவர்முன் அதே வினா வந்து நின்றது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிடும் படைப்பிரிவுகளோடு சமூக விஞ்ஞானிகளை அனுப்பும் ‘மனித நிலவமைப்பு’த் திட்டத்தைக் கழகத்தின் நிருவாக சபை 2007இல் ஏற்கவில்லை. ஆயுதந் தாங்கிய படையினரிடையே நிற்கும் ஆய்வாளரின் வினாவுக்கு ஒருவர் தரும் இசைவு எவ்வாறு சுயேச்சையான இசைவாகும் என்பது சபையின் ஆட்சேபங்களுள் ஒன்று. திட்டம் 2014வரை நடந்தது. அம்முறை கழகம் எவரையுங் கண்டித்து நீக்கவுமில்லை. அதன் மறுப்பு திட்டத்தை நிறுத்தவுமில்லை.