தோட்டத்துப் புழுங்கல் அரிசி

மலாயாவின் கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களை மலேரியா கொன்று குவித்தது. சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் பெரும்பாலும் தொடவில்லை. தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனச் சுரங்கத் தொழிலாளர்களோ கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மாண்டனர். தமிழரைக் காத்தது மருந்தல்ல, ஊர்ப் பழக்கமான புழுங்கல் அரிசி. நெல்லை உமியோடு அவிக்கையில் தயமின் என்னும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது.

1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்தார். முதற்பிரிவில் பெரிபெரி பரவியது, சாவும் நேர்ந்தது. இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனையை அனுமதிக்காது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் பிரேசரும் ஸ்டான்டனும் பின்னர், தீட்டும்போது தவிட்டோடு நீங்கும் ஏதோ ஒன்றின் குறைவே நோய்க்குக் காரணம் என்று காட்டினர்.