பிறவிக் குற்றம் பேசிய சட்டம்

பிறவிக் குணம் பொங்கலிட்டாலும் போகாது என்பர். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பதும் நம்மவர் பேச்சே. முன்னது பிறப்பைப் பேசுகிறது. பின்னது வளர்ப்பைப் பேசுகிறது. ஊர் வாயில் இரண்டும் கூடியே உலவின. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஓர் அரசு சட்டம் செய்தபோது விளைந்தது என்ன? அதைக் காணப் பேசின் பிரிட்ஜ் வரை வாருங்கள், தோழர்களே!

பக்கிங்காம் கால்வாயின் மேல் இருப்புப்பாதைகள் பின்னிக் கிடக்கும் இடம். அருகே சால்ட் கொட்டார்ஸ் என்று பெயர் பெற்ற சரக்கு முனை. கொட்டாரம் என்றால் பண்டசாலை. பெயரிலேயே உப்பு இருக்கிறது. இரயில் வருமுன், கடற்கரை அளங்களின் உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றோர் யார்? குறவர்கள்! உப்புக்குறவர் என்றே ஒரு பிரிவினருக்குப் பெயர். கழுதையிலும் பொதிமாட்டிலும் உப்பேற்றிச் சென்று, தானியம் மாற்றி வந்த நாடோடி வணிகர் அவர்கள். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இரயில் ஓடிற்று. பாதை நீள நீளப் பொதிமாட்டின் பிழைப்புச் சுருங்கிற்று. உப்பின் மீது அரசின் ஏகபோகமும் வரியும் வேறு! தொழில் போயிற்று, அலைச்சல் மட்டும் எஞ்சிற்று. அலைபவன் மீது ஐயம் விழுந்தது.

1871இல் வடநாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறந்தது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. ஆதலின் கள்வன் மகன் கள்வனே என்பது அதன் வாதம். சொன்னவர் வெள்ளையர், வார்த்தெடுத்த அச்சோ வருணத்தின் அச்சு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். போலீஸ் அதிகாரிகளுக்கும் அவ்வித்தையைக் கற்பித்தார். 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தையும் வளைத்தது. குற்றமே செய்யாதவனும் கைரேகை பதித்து, காவல் நிலையத்தில் தலைகாட்ட வேண்டும்! மறுத்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கி பேசிற்று. 16 பேர் மாண்டனர். அவருள் ஒருவர் பெண்.

மரபணுவே பொய் என்று நாம் வாதிடவில்லை. அறிவியலை அஞ்சுவது பகுத்தறிவாகாது. ஏறத்தாழ 50 ஆண்டுகளின் இரட்டையர் ஆய்வுகளை, 1 கோடியே 45 இலட்சம் இணைகளின் கணக்கை, 2015இல் ஒருங்கே தொகுத்தனர். உடற்கூறு முதல் மனப்பாங்கு வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மனிதர்க்கிடையே காணும் வேறுபாட்டில் சராசரியாக 49 விழுக்காடு மரபு வழிப்பட்டது எனக் கண்டனர். அச்சமும் துணிவும், முன்கோபமும் பொறுமையும் ஓரளவு கருவிலேயே வேர் கொள்கின்றன. ஆனால் அக்கணக்கு ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேற்றுமையைச் சொல்வது. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் உள்ள வேற்றுமைக்கு அதில் விடையில்லை. களவுக்கென ஒரு மரபணுவும் இல்லை. முன்கோபி ஒருவன் போர்வீரனாகலாம், வழக்கறிஞனாகலாம், போக்கிரியுமாகலாம்.

சட்டத்தின் வாதத்தை உப்பு வணிகரிடமே உரசிப் பாருங்கள். பாட்டன் நாணயமான வணிகன். பேரன் பிறவிக் குற்றவாளி! இடையில் கழிந்தது ஐம்பது அறுபது ஆண்டு. அதற்குள் குருதி மாறிற்றா, கூலி மாறிற்றா?

சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் ஒழிந்தது. நாடு முழுதும் 1952 ஆகஸ்ட் 31இல். குற்றப் பரம்பரையினர் சீர்மரபினர் ஆயினர். ஆயினும் சிறைக் கையேடுகள் பழைய மையிலேயே ஊறிக் கிடந்தன. சிறைப் பதிவேட்டில் சாதிக்கென இருந்த பத்தியை நீக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024 அக்டோபர் 3ஆம் நாள்தான்.