கூழுக்குள் ஒரு வரலாறு

புலம்பெயர்ந்து வாழும் யாழ்ப்பாணத்தவரிடம், ஊரின் எந்த உணவை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று கேட்டால், பலர் தயங்காமல் ஒடியற் கூழ் என்பர். கல்யாணப் பந்தியில் அதற்கு ஒருபோதும் இடம் இருந்ததில்லை. ஏழை வீட்டு அடுப்பில் பசியாற்றிய உணவு அது. ஆயினும் அந்நிய மண்ணில் மனம் சோரும்போது நாக்கு தேடுவது அதைத்தான்.

பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்து, முளைத்த கிழங்கைப் பிடுங்கி, இரண்டாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியல் மாவுக்கு ஒரு கைப்பு உண்டு. நீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரைப் பலமுறை வடித்தால்தான் அது போகும். மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கை இலை எல்லாம் வெந்த பின் மாவைக் கரைத்து விட்டு, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்ப்பர். பின்னர் பனையோலைப் பிளாவில் வார்த்து, தேங்காய்ச் சொட்டைக் கடித்தபடி உறவும் அயலும் சுற்றியிருந்து குடிப்பர்.

இதைப் பழந்தமிழர் உணவு என்று நாம் பெருமை பேசுகிறோம். பனையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் மிளகாய் தென்னமெரிக்காவில் தோன்றிப் போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்த பயிர். அதற்கு முன் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தோம் என்பதற்கு, 'மிளகாய்' என்ற பெயரே சாட்சி. மரவள்ளியும் அதே கண்டத்தது. ஒல்லாந்தர் அதனை 1786இல் மொரீசியசிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தனர். நம் கூழின் உறைப்பும் தடிப்பும் கடல் கடந்து வந்து, இந்த மண்ணில் வேர்விட்டவை.

எனது தலைமுறை அறிந்த இன்னொரு வரலாறும் உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. எரிபொருளும் சவர்க்காரமும் அரும்பொருள்களாயின. கோதுமை மா கிடைக்காத நாட்களில் ஒடியற் பிட்டும் கூழும் பல வீடுகளில் மீண்டும் அன்றாட உணவாயின. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தபோது, மக்கள் தென்மராட்சிக்கு எடுத்துச் சென்ற பொதிகளில் ஒடியலும் இருந்தது. அது காய்ந்த பொருள். பழுதாகாது.

1983 யூலைக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய நண்பர் ஒருவர், பல ஆண்டுகளின் பின் பாரிஸில் எனக்குக் கூழ் காய்ச்சினார். லா சப்பல் கடைத்தெருவில் ஒடியல் மா வாங்கியிருந்தார். நண்டு உறைநிலையில் வந்தது. முருங்கை இலை கிடைக்காததால் பசளிக் கீரை. பலாக்கொட்டை இல்லை. "இது ஊர்க் கூழ் இல்லையடாப்பா" என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொன்னார். ஆனால் பானையோ இருபது பேருக்குப் போதுமானது. தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்திருந்தார். இரவு வேலைக்குப் போகவேண்டிய இருவர் நின்றபடியே குடித்தனர். நண்பரின் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுழித்தான். பிறகு நண்டுக்காலை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

பசளி சேர்ந்ததால் அது கூழ் அல்லாமல் போகாது. நேற்று மிளகாய்க்கும் மரவள்ளிக்கும் இடம் கொடுத்த பானை, இன்று பசளிக்கும் இடம் கொடுக்கிறது. என் அச்சம் வேறு. ஒருவருக்காக எவரும் கூழ் காய்ச்சுவதில்லை. சுற்றியிருக்க ஆட்கள் வேண்டும். மாவைப் பொதியில் அனுப்பலாம். மாவின் கைப்பைப் போக்கும் பொறுமையையும், பானையைச் சுற்றி அமரும் அந்தக் கூட்டத்தையும் எந்தப் பொதியிலும் அனுப்பமுடியாது. நண்டுக்காலோடு போன அந்தப் பிள்ளை நாளை யாருக்காகவேனும் அடுப்பு மூட்டுவானா என்பதில்தான் கூழின் அடுத்த அத்தியாயம் இருக்கிறது.