நிஜாம் உபயம்: ஒரு குண்டுவீச்சு விமானம்

ஹைதராபாத் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பிரியாணி, சார்மினார், அப்புறம் ஹைடெக் சிட்டி. குண்டுவீச்சு விமானம் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் லண்டன் ஹென்டனில் இருக்கும் ஆர்.ஏ.எஃப். அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ஒரு பழைய இரட்டை இறக்கை விமானம், ஹைதராபாத் காசில் வாங்கியது. அதன் எண் எஃப்1010.

1918. முதல் உலகப்போரின் கடைசி வருடம். ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான், பிரிட்டிஷ் விமானப்படையின் 110-வது ஸ்குவாட்ரனுக்கு முதல் தொகுதி விமானங்களைத் தன் செலவில் வாங்கிக் கொடுத்தார். டி.எச்.9ஏ என்ற வகை. மரச்சட்டம், மேலே துணி, 400 குதிரைசக்தி கொண்ட அமெரிக்க லிபர்ட்டி என்ஜின். முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கியோடு இன்னொருவர். ஒவ்வொரு விமானத்திலும் இது நிஜாமின் அன்பளிப்பு என்று எழுதி வைத்தார்கள். (நம்மூர் கோயில் ட்யூப்லைட்டில் உபயதாரர் பேர் எழுதுவோமே, அதே மாதிரி!)

போருக்குக் கொடுத்தது வீண்போகவில்லை. வேறு எந்த சமஸ்தான ராஜாவுக்கும் இல்லாத 'எக்ஸால்டட் ஹைனஸ்' பட்டம் கிடைத்தது. ஸ்குவாட்ரனின் பெயரோடும் ஹைதராபாத் ஒட்டிக்கொண்டது.

எஃப்1010-க்கு ஆயுசு கம்மி. 1918 அக்டோபர் 5 அன்று ஜெர்மனிக்குள் குண்டு போடப் போனது, அங்கேயே தரையிறங்க நேர்ந்தது. இருவரும் கைதிகள். விமானத்தை ஜெர்மானியர்கள் பெர்லினில் காட்சிக்கு வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டுக்குப் பயந்து கிழக்கே கொண்டுபோக, கடைசியில் போலந்தின் கிராக்கவ் நகரத்தில் மாட்டிக்கொண்டது. 1977-ல் ஒரு ஸ்பிட்ஃபயரைப் பண்டமாற்றாகக் கொடுத்துத்தான் பிரிட்டன் அதை மீட்டது.

இந்தப் பயணக் கதை சுவாரசியம்தான். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு.

கஜானாவில் விழுந்தது விவசாயி கட்டிய நிலவரி. பத்து வருடம் முன்னால், 1908-ல், மூசி நதி வெள்ளத்தில் ஹைதராபாத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். இனி அப்படி நடக்காமல் தடுக்கும் உஸ்மான் சாகர் அணை முடிந்ததே 1920-ல்தான். (உஸ்மானியா பல்கலைக்கழகத்தையும் அதே 1918-ல்தான் நிஜாம் தொடங்கினார். சொல்லாமல் விட்டால் பாவம்.)

போர் முடிந்ததும் இந்த டி.எச்.9ஏ ரகத்தை பிரிட்டன் எங்கே அனுப்பியது தெரியுமா? இராக்குக்கும் இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கும். 1925 மார்ச்சிலிருந்து மே வரை, தரைப்படையே இல்லாமல், தெற்கு வஜீரிஸ்தான் பழங்குடியினரை வானத்திலிருந்தே அடித்துப் பணியவைத்தார்கள். அதில் 27, 60 ஆகிய இரண்டு ஸ்குவாட்ரன்களும் ஓட்டியது இதே ரகம். ஜெர்மனியைத் தாக்க நிஜாம் வாங்கித் தந்த ரகம், ஏழே வருடத்தில் இந்திய மண்ணிலேயே குண்டு போட்டது.

அதற்கப்புறம் வந்தது வெஸ்ட்லேண்ட் வாபிட்டி. 1927-ல் பறந்த அதன் முன்மாதிரியை, கிடங்கில் குவிந்து கிடந்த டி.எச்.9ஏ உதிரி பாகங்களை உபயோகிக்கிற மாதிரி கட்டினார்கள். இறக்கைகூடப் பழசுதான். சிக்கனம்! 1933 ஏப்ரலில் கராச்சியில் இந்திய விமானப்படையின் முதல் பிரிவு ஆரம்பித்தபோது அதற்குக் கிடைத்தது நான்கே நான்கு வாபிட்டி. நம் இளம் விமானிகள் சில வருடத்தில் அதே வஜீரிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார்கள்.

110-வது ஸ்குவாட்ரன் 1937-ல் ஹாக்கர் ஹைண்ட் என்ற இரட்டை இறக்கை இலகுரக குண்டுவீச்சு விமானத்தோடு மறுபடி உயிர்பெற்றது. 1939 செப்டம்பர் 4-ல் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் ஜெர்மன் கப்பல்களைத் தாக்கியதில் அதன் பிளென்ஹைம் விமானங்கள் இருந்தன. கடைசியில் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்த அதை 1971-ல் சிங்கப்பூரில் கலைத்தார்கள். அப்போது ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவில் சேர்ந்து 23 வருடம், நிஜாம் இறந்து 4 வருடம் ஆகியிருந்தது. ஸ்குவாட்ரன் பெயரில் மட்டும் ஹைதராபாத் அப்படியே இருந்தது.