ஒழுங்கின்மைச் சொற்கள்

தமிழில் சீர்குலைவைக் குறிக்கும் சொற்களை ஒன்றின் இடத்தில் இன்னொன்றாகப் போட முடியாது. எது குலைந்தது என்பதைப் பொறுத்தே சொல் அமைகிறது. குப்பை, கூளம் ஆகியவை பொருள்களைக் குறிப்பன. அலங்கோலம் தோற்றத்தைக் குறிப்பது: தலைமுடி, உடை, வீடு எனத் திருத்தமாக இருக்க வேண்டிய ஒன்று கலைந்து கிடக்கும் நிலை. தாறுமாறும் கன்னாபின்னாவும் செயல் நடக்கும் விதத்தைச் சொல்வன. அதனால்தான் ‘தாறுமாறாக ஓடிய லாரி’ என்கிறோம். ‘அலங்கோலமாக ஓடிய லாரி’ என்பதில்லை. குளறுபடி பெரும்பாலும் நிர்வாகத்துக்கு உரியது. வாக்காளர் பட்டியலிலும் வினாத்தாளிலும் அது நேரும், அலமாரியில் நேராது. தட்டுமுட்டுச் சாமானை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது அநியாயம்: குடும்பம் நடத்தத் தேவையான சில்லறைப் பொருள்களின் பெயர் அது.

பேச்சில் இவையெல்லாம் கலந்தே வருகின்றன, எல்லை வகுப்பது புலவர் வேலை என்று மறுக்கலாம். கலப்பு உண்டு, அதற்கும் ஒரு போக்கு இருக்கிறது. திரைப்படத்தைப் பாராட்ட இளைஞர்கள் ‘தாறுமாறு’ என்கிறார்கள். ‘குளறுபடி’ என்றால் அது வசவுதான். வரம்பு மீறுவதைச் சொன்ன சொல்லுக்கே புகழ்ச்சியாக மாற இடம் இருந்தது. குப்பையையும் இழிசொல்லாக மட்டும் கொள்ள முடியாது. குவியல் என்பது அதன் பழைய பொருள்களில் ஒன்று. வயலுக்குக் குப்பை அடிக்கும் உழவருக்கு அது எரு. சென்னைப் பேச்சின் ‘கச்சடா’வோ அருவருப்பையும் சேர்த்தே சுமக்கிறது, எருவை யாரும் கச்சடா என்பதில்லை.