கேட்டறியும் வழக்கமும் திறன்பேசியும்: அஸ்தினாபுரத்தை முன்வைத்து ஒரு வாதம்

திறன்பேசி மூளையை மழுங்கடிக்கிறதா என்ற கேள்வி பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உளவியல் ஆய்விதழ்களிலும் நாளேடுகளிலும் எழுப்பப்பட்டு வருகிறது. மனிதரைத் தனித்தனி மூளைகளாகப் பிரித்து வைத்துக் கேட்கும் கேள்வி இது. நம் சிந்தனையின் பெரும்பகுதி அப்படி நடப்பதில்லை. மழைக்காலத்தில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த மருத்துவர் நள்ளிரவிலும் கதவைத் திறப்பார், வந்திருக்கும் அறிவிப்புக் கடிதம் மெய்யானதா என்பதையெல்லாம் எவரும் தனியாக அறிந்து வைத்திருப்பதில்லை. பெட்டிக்கடையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் பக்கத்து வீட்டு வாசலிலும் கேட்டு, கேட்டவற்றை ஒப்பிட்டு, அதன்பிறகு ஒரு முடிவுக்கு வருகிறோம். திறன்பேசியைச் சார்ந்திருப்பதால் முதலில் தேய்வது இந்தக் கேட்டறியும் வழக்கம்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய அஸ்தினாபுரத்தையும் அதைச் சூழ்ந்த புறநகரையும் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஏரிகளுக்கு நடுவே மனைப்பிரிவுகளாக வளர்ந்த பகுதி அது. வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். ஓர் ஊரைப் பற்றிய அறிவு எப்படிச் சேர்கிறது, எப்படிக் கலைகிறது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

தனிமூளை பற்றிய சான்றுகளை முதலில் எடைபோட்டுவிடுவது நல்லது. பரவலாக நம்பப்படும் அளவுக்கு அவை உறுதியாக இல்லை. ஒரு செய்தி கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணுவோர் அதை நினைவில் இருத்த அதிகம் முயல்வதில்லை என்று 2011-இல் பெட்ஸி ஸ்பாரோவும் உடனாய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் வெளியான 21 சமூக அறிவியல் சோதனைகளை மீண்டும் செய்து பார்த்த கூட்டாய்வு ஒன்று 2018-இல் வந்தது. அதில் 13 சோதனைகள் தேறின. ஸ்பாரோவின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்ட சோதனை தேறவில்லை. கைபேசி அணைந்த நிலையில் மேசைமேல் கிடந்தாலே மனத்தின் கொள்திறன் குறைகிறது என்ற ஏட்ரியன் வார்ட் குழுவினரின் 2017-ஆம் ஆண்டு முடிவும் அப்படித்தான். 2022-இல் கனடாவில் அதை மறுபடி சோதித்தவர்களுக்கு அந்த விளைவு கிட்டவில்லை. 'செல்போன் மூளையைத் தின்றுவிட்டது' என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த ஆய்வுகளின் பிற்கதையையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் ஓர் உண்மையான கவலை எளிதில் மறுக்கக்கூடிய பீதியாகச் சுருங்கிவிடும்.

வழியறிதல் பற்றிய சான்றுகள் இவற்றைவிட வலுவானவை. இலண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெறுவதற்கு ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பயிற்சியை முடித்துத் தேறியவர்களின் மூளையில், இடநினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி வளர்ந்திருப்பதை எலியனோர் மகுவையரும் கேத்தரின் வுல்லட்டும் 2011-இல் காட்டினார்கள். இலண்டனின் சோஹோ பகுதியில் புதிய தெருவுக்குள் நுழையும்போது, எதிரே திறக்கும் பாதைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஹிப்போகேம்பஸ் கிளர்ச்சி கொள்கிறது என்றும், கருவி சொல்லும் வழியில் செல்லும்போது அந்தக் கிளர்ச்சி தென்படவில்லை என்றும் 2017-இல் ஹியூகோ ஸ்பியர்ஸ் குழுவினர் கண்டார்கள். மாண்ட்ரியலில் லூயிசா டஹ்மானி, வெரோனிக் போபோட் இருவரும் வாகன ஓட்டிகளைச் சோதித்தார்கள். மூன்றாண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, இடைக்காலத்தில் வழிகாட்டிக் கருவியை அதிகம் நம்பியவர்களுக்கு இடநினைவு அதிகம் சரிந்திருந்தது. இரண்டாம் முறை வந்தவர்கள் 13 பேர் மட்டுமே என்பதால் அந்த முடிவின்மேல் பெரிய பாரத்தை ஏற்றக்கூடாது. ஆனாலும் இம்மூன்று ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைச் செய்கிறவருக்கே இடம் வசப்படுகிறது.

இதை அஸ்தினாபுரத்தில் பொருத்திப் பார்க்கலாம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு ராஜேந்திர பிரசாத் சாலையில் திரும்பினால் அஸ்தினாபுரம் வந்துவிடும். கைபேசியின் நீலக்கோடு அந்தப் பாதையைப் பிழையில்லாமல் காட்டும். அது காட்டாத ஊர் வேறொன்று உண்டு. சிட்லப்பாக்கம், செம்பாக்கம், நெமிலிச்சேரி ஏரிகள் இப்பகுதியைச் சுற்றி இருக்கின்றன. சிட்லப்பாக்கத்தின் உபரிநீர் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் போய்ச் சேர வேண்டும். தெருக்களின் ஏற்ற இறக்கம் இந்த நீர்ப்போக்கைத்தான் பின்பற்றுகிறது. கலங்கல் எங்கே இருந்தது, போக்குக்கால்வாய் எந்த வீட்டின் பின்சுவரோடு முடிந்துபோகிறது, எந்த மூலைக்கு எப்போதும் லாரித் தண்ணீர் கடைசியில் வருகிறது என்பதெல்லாம் வாயால் சொல்லிக் காதால் கேட்டுப் பரவும் அறிவு. யாரும் இதைக் கற்பிப்பதற்கென்று உட்கார்ந்ததில்லை. வழி கேட்டவரிடம் 'அந்தப் பக்கம் போகாதீங்க சார், மழை பேஞ்சா முழங்கால் அளவு நிக்கும்' என்று சொல்லும் சொல்லோடு சொல்லாக அது கைமாறியது. காந்தி தெருவும் நேரு தெருவும் பாரதி தெருவும் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் புறநகரில் முன்பு வழி கேட்காமல் வீடு சேர முடிந்ததில்லை. அந்தச் சங்கடமே ஊரைக் கற்பிக்கும் வாய்ப்பாகவும் இருந்தது. திறன்பேசி சங்கடத்தை நீக்கியபோது வாய்ப்பும் உடன்போயிற்று. கேட்பவர் மட்டுமா இழந்தார்? யாரும் கேட்காததால் கடைக்காரரும் தான் அறிந்ததைச் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பழக்கத்தை இழந்தார்.

மெய்யியலிலிருந்து இதற்கு எழும் மறுப்பு வலுவானது. ஆண்டி கிளார்க்கும் டேவிட் சால்மர்சும் 1998-இல் எழுதிய கட்டுரையில் மனம் மண்டையோட்டோடு நின்றுவிடுவதில்லை என்று வாதிட்டார்கள். நினைவிழப்பு நோயுள்ள ஓட்டோ என்ற கற்பனைப் பாத்திரம் அருங்காட்சியகத்தின் முகவரியைத் தன் குறிப்பேட்டைப் பார்த்து அறிகிறார். அந்தக் குறிப்பேடு அவருடைய நினைவின் ஒரு பகுதியே என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் திறன்பேசியும் நம் மனத்தின் நீட்சிதானே, இழப்பு எங்கே என்று கேட்கலாம். ஆனால் அக்கட்டுரை வைக்கும் நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும். குறிப்பேடு எப்போதும் கையில் இருக்க வேண்டும், எளிதில் திறக்க வேண்டும், உடனே நம்பத்தக்கதாக இருக்க வேண்டும்; அதிலுள்ளதை ஓட்டோ முன்பொரு நாள் தானே அறிந்து ஏற்றிருக்கவும் வேண்டும். இந்த நான்காம் நிபந்தனை தேவைதானா என்று ஆசிரியர்களுக்கே தயக்கம் இருந்தது. என் பார்வையில் முழு வழக்கும் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஓட்டோவின் ஏட்டில் இருப்பது ஓட்டோ எழுதியது. நீலக்கோட்டை நாம் வரையவில்லை. முன்பு அறிந்து மறந்ததை அது நினைவூட்டுவதுமில்லை. ஒருபோதும் அறியாத ஒன்றை, அறியவேண்டிய தேவையே எழாதபடி அது தருகிறது. இதை நினைவின் நீட்சி என்று எப்படிச் சொல்வது?

மனப்பாடத்தை எதிர்த்து வளர்ந்த நவீனக் கல்வி மரபிலிருந்து இன்னொரு மறுப்பு வரலாம்: சுமையைக் கருவியிடம் இறக்கிவைத்தால் மனம் உயர்ந்த சிந்தனைக்கு விடுபடாதா? தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடிக் கல்வியை ஆராய்ந்த து. செந்தில்பாபு, அங்கே நினைவாற்றல் வெறும் சேமிப்புக் கிடங்காக இருக்கவில்லை, கற்கும் முறையாகவே இருந்தது என்று விளக்குகிறார். பிள்ளைகள் வாய்பாட்டைச் சட்டாம்பிள்ளையின் முன்னும் ஒருவர் முன் ஒருவரும் சொன்னார்கள். பிழை அங்கேயே, பலர் காதில் விழும்படி திருத்தப்பட்டது. அளவையும் கணக்கும் சந்தையிலும் களத்திலும் மீண்டும் சரிபார்க்கப்பட்டன. அந்தப் பள்ளிகளின் பிரம்படியையும் சாதி விலக்கையும் மறந்துவிட்டு அவற்றை ஏங்கிப் பாராட்ட நான் வரவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நினைவு என்பது பிறர் முன்னிலையில் பயிலப்பட்ட, பிறரால் திருத்தப்பட்ட செயல். கருவியிடம் இறக்கிவைக்கும்போது சுமையோடு சேர்ந்து அந்தத் திருத்தமும் இறங்கிவிடுகிறது. இறக்கிவைத்தவர்கள் உயர்ந்த சிந்தனைக்குத்தான் போகிறார்கள் என்பதற்குச் சான்று வேண்டும்; விடுபட்ட நேரம் பெரும்பாலும் அதே திரைக்குள்ளேயே செலவாவதைத்தான் எந்த மின்சார ரயில் பெட்டியிலும் பார்க்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தை எடுத்துக்காட்டி எழும் மறுப்பே எனக்கு மிகவும் பொருட்படுத்தத்தக்கதாகப் படுகிறது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அந்த நாட்களில் சமூக ஊடகத்தில் பரவிய வேண்டுகோள்களால் படகுகள் சென்றன, உணவு சேர்ந்தது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவின்மேல், வெள்ளம் சூழ்ந்த தெருக்களைப் பொதுமக்களே குறித்துச் சேர்த்த வரைபடமும் உருவானது. கைபேசி உயிர் காத்தது என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த வரைபடம் எதனால் பயன்பட்டது? தன் தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று அறிந்தவர்கள் அதில் எழுதினார்கள். அங்கே கைபேசி ஓட்டோவின் குறிப்பேடாக இருந்தது. அதே நாட்களில் மின்சாரம் நின்று கைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தபோது, எண்களைக் கருவியிடம் மட்டுமே விட்டுவைத்தவர்களுக்கு உறவினரின் எண்ணும் இல்லாமல் போனது. சிட்லப்பாக்கம் ஏரியை மீட்கப் போராடிய குடியிருப்போரையும் இங்கே சொல்ல வேண்டும். 'சிட்லப்பாக்கம் ரைசிங்' அமைப்பினர் சமூக ஊடகத்தைத் திறமையாகவே கையாண்டார்கள். ஏரிக்கரையில் நடந்து, குப்பையையும் கழிவுநீர் புகும் வழியையும் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். கால் அறிந்ததைக் கைபேசி பரப்பியது. கால் அறியாத இடத்தில் பரப்புவதற்கு என்ன இருக்கும்?

வழி கேட்பது எல்லோருக்கும் இனிய அனுபவமாக இருந்ததில்லை என்பதையும் ஏற்க வேண்டும். இரவில் தனியே வரும் பெண்ணுக்கு ஆட்டோ நிறுத்தத்தில் நின்று விசாரிப்பது அச்சம் தரலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டுமான வேலை செய்பவருக்குத் தமிழில் கேட்க வராது. 'நீங்க யாரு, எந்த வீடு' என்ற விசாரணைக்குள் சாதியும் மதமும் ஒளிந்திருந்தது நாமறிந்த உண்மை. பார்வையற்றவருக்குத் திரையின் குரல் புதிய நடமாட்டத்தையே தந்திருக்கிறது. இவர்களுக்குத் திறன்பேசி தந்த தன்னுரிமையை எந்த ஊரறிவின் பெயராலும் திரும்பக் கேட்க முடியாது. என் வாதம் கருவி கிடைப்பதைப் பற்றியதன்று. கருவி இல்லாத வழிகள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பற்றியது. மேலும், இப்பகுதியின் ஏரியறிவு திறன்பேசி வருவதற்கு வெகுமுன்பே, வயல்கள் மனைகளானபோதே குலைந்தது என்பதும் உண்மை. மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டியின் வேலை எந்தச் செயலியாலும் போகவில்லை. ஆனால் குடியேறியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. நலச் சங்கங்களிலும் ஷேர் ஆட்டோவிலும் பால் வாங்கும் வரிசையிலும் புதிதாக ஓர் ஊரறிவைக் கட்டிக்கொண்டார்கள். இப்போது தேய்வது அந்த இரண்டாம் அறிவு. முதலாவதை இழந்த ஊருக்கு இது இன்னும் அருமையானது.

இந்தத் தேய்வு தெருவோடு நிற்பதில்லை, தீர்மானிக்கும் ஆற்றலையும் தொடுகிறது. 'டிஜிட்டல் கைது' என்ற மோசடி இதற்குக் கொடிய சான்று. காவல்துறை என்றும் சுங்கத்துறை என்றும் சொல்லிக் காணொளி அழைப்பில் வருபவர்கள், அழைப்பைத் துண்டிக்காதே, வீட்டாரிடம்கூடச் சொல்லாதே என்று மிரட்டிப் பணத்தைப் பறிக்கிறார்கள். இந்தியச் சட்டத்தில் இப்படியொரு கைது கிடையாது. 2024 அக்டோபர் 27-இல் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமரே இதைப் பற்றி எச்சரிக்கும் அளவுக்கு அது பரவியது. ஏமாந்தவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும் உண்டு. அவர்களுக்கு அறிவுக்குறை என்று சொல்ல முடியாது. எதிர்வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கலைந்திருக்கும் பொய் அது. மோசடிக்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருப்பதால்தான் முதல் வேலையாக இரண்டாவது மனிதரை விலக்குகிறார்கள். வங்கி, எரிவாயு, மின்கட்டணம், மருத்துவமனை என எல்லாவற்றையும் ஒருவர் தனியாகத் திரையோடு முடித்துக்கொள்ளும்படி அமைத்துவிட்ட வாழ்க்கையில், அந்த விலக்கம் பாதி முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

ஆகவே தீர்வைத் தனிமனிதரின் மனக்கட்டுப்பாட்டில் தேடுவது போதாது. வாரம் ஒருநாள் கைபேசி நோன்பு இருப்பதால் கலங்கல் எங்கே என்று தெரிந்துவிடாது. பொது நிறுவனங்கள் செய்யவேண்டியவை உண்டு. 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தாம்பரம் வழித்தடத்தில் 2015-இல் எழும்பூர் வரை காகிதமில்லாப் பயணச்சீட்டு வந்தது. நல்ல வசதி அது. ஆனால் அதைக் காரணம் காட்டி ஆள் அமர்ந்த சீட்டுச் சாளரங்களைக் குறைத்தால், ரயிலைப் பற்றி ஒரு மனிதரிடம் கேட்கும் இடமும் குறையும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள் உள்ளன. ஒவ்வொரு வார்டு அலுவலகச் சுவரிலும் அந்த வார்டின் நீர்ப்போக்கு, தாழ்வான தெருக்கள், கால்வாய் அடைபட்ட இடங்கள் ஆகியவற்றைக் காட்டும் அச்சு வரைபடம் தொங்க வேண்டும். அதைப் பொறியாளர் மட்டும் வரையக்கூடாது. பழைய குடியிருப்போர், தூய்மைப் பணியாளர், உணவு கொண்டுசேர்க்கும் இளைஞர், பள்ளிப் பிள்ளைகள் ஆகியோர் ஆண்டுதோறும் ஐப்பசி அடைமழைக்கு முன்பு கூடி, தெருத்தெருவாக நடந்து, பேனாவால் திருத்த வேண்டும். திருத்திய படத்தைப் பிறகு கைபேசிக்கும் அனுப்பலாம்.