கட்டுச்சோற்றின் வரலாறு

வரலாறு என்றால் கல்வெட்டு, செப்பேடு, ஓலைச்சுவடி என்றே நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். சீவில்லிபுத்தூர் என்றால் பதினோரு நிலைக் கோபுரமும் ஆடிப்பூரத் தேரும். ராஜபாளையம் என்றால் நூல் மில்லும் வேட்டை நாயும். ரெண்டு ஊருக்கும் நடுவில் ரோட்டோரம் கிடக்கிற எங்கள் வன்னியம்பட்டிக்கே அந்த வரலாற்றில் இடமில்லை என்கிறபோது, அதன் சேரிக்கு எங்கே இருக்கப்போகிறது? இல்லாத கல்வெட்டைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, வீட்டில் இருப்பதை எடுத்துப் படிப்போம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு கட்டுச்சோற்று மூட்டை.

ஆகஸ்ட் 15 லீவுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போனோம். அப்பா, அம்மா, எண்பதைத் தாண்டிய அம்மாச்சி, அண்ணன், மதினி, நான், நண்டும் சிண்டுமாக நாலு பிள்ளைகள். வேன் பிடித்தாயிற்று. முதல் நாள் ராத்திரி பூராவும் அம்மாச்சி தூங்கவில்லை. புளிச்சோறு கிண்டி, முட்டை அவித்து, கருவாடு வறுத்து, எல்லாத்தையும் வாழையிலையில் பொதிந்து, ரெண்டு தூக்குவாளியில் தண்ணீரும் மோந்து வைத்துவிட்டது. "போற வழியெல்லாம் ஓட்டல் கெடக்கு, எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்றது மதினி. "நீ சும்மா இரு தாயி." அம்மாச்சியிடமிருந்து வந்த பதில் அவ்வளவுதான்.

கட்டுச்சோறு எல்லாச் சாதியும் கட்டியதுதான். பார்ப்பனர்களும் கட்டினார்கள், அடுத்தவன் கை பட்டால் தங்கள் சோறு தீட்டாகிவிடும் என்று கட்டினார்கள். நம் கை பட்டால் தன் பாத்திரம் தீட்டாகிவிடும் என்று அடுத்தவன் சொன்னதால் நாம் கட்டினோம். மூட்டை ஒன்று, வரலாறு ரெண்டு. முதலாவதற்கு 'ஆசாரம்' என்று கௌரவமான பெயர் இருக்கிறது. ரெண்டாவதைப் பார்த்து, 'பாவம், சிக்கனமான சனங்க' என்று சொல்லித் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எம்.ஏ. தமிழில் ஆற்றுப்படை படித்தேன். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படைதான். பரிசில் வாங்கிக்கொண்டு திரும்புகிற கலைஞன், எதிரே பசியோடு வருகிற கலைஞனுக்கு வழி சொல்வான்: இப்படிப் போ, இன்ன நிலத்தில் இன்னார் இருப்பார்கள், இன்ன சோறு போடுவார்கள் என்று. 'தமிழரின் விருந்தோம்பல்' என்று வகுப்பில் உருகி உருகி நடத்தினார்கள். அம்மாச்சியின் தலைக்குள்ளும் ஒரு ஆற்றுப்படை இருக்கிறது. தலைகீழ் ஆற்றுப்படை. எந்தக் காப்பிக்கடையில் சிரட்டையில் ஊற்றுவான், எந்தக் கடையில் தனிக் கிளாஸ், எந்தக் கிணற்றடியில் யாராவது ஊற்றுகிற வரைக்கும் கையேந்தி நிற்க வேண்டும், எந்தத் தெரு வந்தால் செருப்பைக் கையில் தூக்க வேண்டும் – எல்லாம் அதற்கு மனப்பாடம். அதில் பாதி, அம்மாச்சி தன் ஆத்தாளிடம் கேட்டது. ஒரு வரியும் எந்த நூலிலும் ஏறவில்லை.

ஆனால் அந்தத் தலைகீழ் ஆற்றுப்படைக்குச் சர்க்காரின் காகிதங்களிலேயே சாட்சி இருக்கிறது. 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் எதையும் எந்த வகுப்பாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. ரோட்டில் நடக்கலாம் என்பதற்கே ஒரு சட்டசபைத் தீர்மானம் வேண்டியிருந்தது என்றால், அதுவரை நம் சனம் எங்கே நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடப்பதற்கு அடுத்தது பஸ். அன்றைக்குச் சீவில்லிபுத்தூர் தாலுகா, 1910-இல் உண்டான ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. பஸ்கள் தனியார் கையில். காசு கொடுத்தாலும் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். 1920களின் கடைசியில் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். ஏற்ற மறுக்கிற பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவு போட்டார். காசு வாங்கிக்கொண்டும் ஏற்றாதவர்கள், பிழைப்பே போய்விடும் என்றதும் ஏற்றினார்கள். சௌந்தரபாண்டியன் பிறந்த நாடார் சமூகத்தைக் கமுதிக் கோயிலுக்குள் விடக்கூடாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்குப் போய், 1908-இல் கோயிலைப் பூட்டியவர்கள் பக்கமே தீர்ப்பானது. வாசலில் நிறுத்தப்பட்டவன் எல்லோரும் அடுத்தவனுக்கு வாசல் திறந்துவிட்டதாக வரலாறு கிடையாது. இவர் திறந்தார். அதை நாம் மறக்கக்கூடாது.

லீவுக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போகிற சங்கதிக்கு நம்மிடம் இருக்கிற முதல் சாட்சி அம்பேத்கர்தான். 1901, கோடை விடுமுறை. சதாராவில் இருந்த ஒன்பது வயது பீம், அண்ணன், அக்கா மகன்கள் எல்லோரும் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க ரயிலேறுகிறார்கள். புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி, புதுச் செருப்பு. மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப் போக ஆள் இல்லை. எழுதிய கடிதம் போய்ச் சேரவில்லை. நல்லபடியாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகர் சாதி என்று தெரிந்ததும் முகம் மாறுகிறார். எந்த வண்டிக்காரனும் ஏற்றவில்லை. கடைசியில் ரெட்டைக் கூலிக்கு ஒருவன் இசைந்தான், மாட்டைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையோடு. கூடையில் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தருவார் யாருமில்லை. சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்தப் பிள்ளைகள் பட்டினியாக ராத்திரியைக் கழித்தார்கள். அம்மாச்சி தூக்குவாளியில் தண்ணீர் மோந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா?

வளர்ந்து, பாரிஸ்டராகி, உலகம் அறிந்த தலைவரான பிறகும் இதே கதைதான். 1934-இல் தோழர்களோடு தௌலதாபாத் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே குளத்தில் கைகால் கழுவியதற்கு, தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ளக் காவலாள் ஒருவனைக் கூட அனுப்பித்தான் கோட்டைக்குள் விட்டார்கள்.

கடல் கடந்தும் இந்த மூட்டை உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் தூரப் பயணம் போனால், வறுத்த கோழியைச் செருப்புப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். வழியில் எந்தக் கடையும் அவர்களை உட்காரவைத்துப் பரிமாறாது. விக்டர் கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர், கறுப்பர்களுக்குச் சோறும் படுக்கையும் பெட்ரோலும் கிடைக்கிற இடங்களைத் திரட்டி 1936-இலிருந்து 'பச்சைப் புத்தகம்' ஒன்றை வெளியிட்டார். அம்மாச்சியின் தலையில் இருந்ததை அவர் அச்சில் போட்டார். அதனால் இன்றைக்கு அது ஆவணம். நம்முடையது பாட்டியின் பழங்கதை!

1950-இல் அரசியல் சட்டம் வந்தது. பதினைந்தாவது பிரிவில் கடை, உணவுவிடுதி, கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். படிக்கிறபோது சட்டம் மாதிரியா இருக்கிறது? அம்மாச்சியின் பட்டியல் மாதிரி இருக்கிறது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். எல்லாம் வந்தன. 1997-இல் விருதுநகரில் புதிதாக ஆரம்பித்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று வெள்ளைக்காரனோடு மோதி மாண்ட தேவேந்திரகுல வீரர் அவர். உடனே, அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்கள் போயின. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. 1920களில் நம்மைப் பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றார்கள். 1997-இல் நம் பெயர் இருந்தால் தாங்கள் ஏறமாட்டோம் என்றார்கள். இடையில் ஓடியது எழுபது வருசம்.

அன்றைக்குச் சிவகிரி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்திச் சாப்பிட்டோம். அண்ணன் மகன், ரெண்டாம் வகுப்பு, கேட்டான்: "ஏன் பூட்டி, அந்தா ஓட்டல் இருக்கே, நாம ஏன் மரத்தடியில சாப்புடுறோம்?" அம்மாச்சி அவன் வாயில் ஒரு உருண்டையை ஊட்டிவிட்டு, "காத்தாட இருக்குல்லய்யா, அதான்" என்றது. நான் சொல்ல வாயெடுத்தேன். மதினி கண்ணைக் காட்டி அமர்த்திவிட்டது. அருவிக்கரையில் வைத்துத் தனியாகச் சொன்னது: "பிள்ளைக சந்தோசமா வந்திருக்குக. இன்னைக்கு எந்த ஓட்டல்லயும் போயி உக்காருதோம். பழைய புண்ண எதுக்குக் கிளறணும்?"

மதினி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. துக்கத்தையே தாலாட்டாகப் பாடி வளர்க்க முடியாது. பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கூத்தடிக்க உரிமை உண்டு. ஆனால் நாம் சொல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாமலா போகும்? இதே தென்மாவட்டங்களில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் சாதிக்கு ஒரு கலரில் கயிறு கட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், கூடப் படித்தவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வெட்டினார்கள். 'நீ யார்' என்பதை நம் பிள்ளைகளுக்கு அடுத்தவன் அவன் பாஷையில், அரிவாளோடு சொல்லித்தருகிறான். அதற்கு முன்னால் நம் வாயால், நம் பாஷையில் சொல்லிவிட வேண்டும். அவமானத்தின் கதையாக மட்டும் சொல்லாமல், ரோட்டுக்கும் பஸ்ஸுக்கும் தண்ணீருக்கும் யார் யார் போராடி எப்படி வாங்கித் தந்தார்கள் என்கிற கதையாகச் சொல்ல வேண்டும். எந்த வயசில், எப்படி என்று வீட்டுக்கு வீடு பேசி முடிவு பண்ணிக்கொள்ளலாம். சொல்வதா வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சொல்ல வேண்டுமென்றால் முதலில் நமக்குத் தெரிய வேண்டும். எண்பதைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். முதன்முதலில் எந்த பஸ்ஸில், எங்கே உட்கார்ந்தீர்கள்? எந்தக் கடையில் எதில் டீ குடித்தீர்கள்? சிரட்டை எந்த வருசம் போனது, யார் சண்டை போட்டுப் போனது? வழியில் யார் தண்ணீர் தரமாட்டேன் என்றார்கள்? யார் தந்தார்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அம்மாச்சியிடம் அதைக் கேட்டபோது, வத்திராயிருப்பு ரோட்டில் கைக்குழந்தையோடு நடந்துபோன தனக்குத் தன் சொந்தச் சொம்பையே எடுத்துக் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னது. என்ன ஆட்களோ, பெயர் என்னவோ, கேட்கவில்லையாம். அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.